ஒத்தையாட்டம்: குழி, கழங்கு, பகடை

தனியாக ஆடுகிற ஆட்டத்தில் கதை எங்கிருந்து வரும் என்று ஒரு தோழர் கேட்டார். கேள்வியில் கொஞ்சம் ஏளனம் இருந்தது. மேற்கு நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மேசைமேல் வரைபடத்தை விரித்து, விரலளவு போர்வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, எதிராளி யாரும் இல்லாமல் ஒருவரே ஒரு போரை நடத்துவார். அல்லது ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு அடுத்து என்ன நேர்கிறது என்று பகடையிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போவார். போர் ஆட்டம், பாத்திர ஆட்டம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இதைப் பற்றி ஒரு சிறிய கூட்டத்தில் பேசியபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ‘ஊர்ல ஆயிரம் வேலை கிடக்க, ஒத்தையாளா உக்காந்து பொம்மைச் சண்டை போடுறவனுக்கு எதுக்குங்க கோட்பாடு?’ என்பது அதன் முழு வடிவம்.

விளையாட்டு என்றால் கூட்டம் என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிய எண்ணம். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து எழுதிய நூலில் (1954) ஆண்பாற் பகுதி உண்டு, பெண்பாற் பகுதி உண்டு, இருபாற் பகுதி உண்டு. தனியாள் பகுதி என்று ஒன்று கிடையாது. அவர் மேல் குறை சொல்வதற்கில்லை. தனியாக ஆடுகிறவரை யாரும் ஆடுகிறவராகப் பார்ப்பதில்லை. பொழுது போகாமல் கிடக்கிறார் என்றுதான் பார்க்கிறோம். எழுதுகிறவரையும் ஒரு காலத்தில் வீட்டில் அப்படித்தான் பார்த்தார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தனியாள் ஆட்டம் தமிழில் இருந்திருக்கிறது. அதற்குப் பெயரும் உண்டு, கதையும் உண்டு. எனக்கு அது தெரிய வந்தது நூலகத்தில் அல்ல. 2001ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், செர்வராயன் மலையில் மஞ்சக்குட்டையில், எங்கள் ஆயா வீட்டில் நான் வயசுக்கு வந்தேன். காப்பி காய வைக்கிற களத்தை ஒட்டிச் சாமான் போடுகிற ஒரு சின்ன அறை. அதில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. வாசலில் மூட்டம் இறங்கினால் எதிரில் இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. இரண்டாம் நாள் ஆயா ஒரு பழைய பல்லாங்குழிப் பலகையையும் ஒரு கை காப்பிக்கொட்டையையும் வாசற்படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தது. ‘இது சீதை ஆட்டம் கண்ணு. அசோகவனத்துல அந்தம்மா ஒத்தையா இருந்தப்ப ஆடினது. ஜெயிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது. பொழுது போவும்.’

சீதைப் பாண்டி என்பது அதன் பெயர். பதினாலு குழியில் ஏழு போதும். முதல் குழியில் 7, அடுத்ததில் 6, பிறகு 5, 4, 3, 2, 1 என்று இருபத்தெட்டுக் காய்களை இறக்கமாக வைக்க வேண்டும். முதல் குழியின் ஏழையும் அள்ளி, இரண்டாவது குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால் ஏழாவது காய், காலியாக இருக்கிற முதல் குழியிலேயே வந்து விழும். இப்போது எண்ணிப் பார்த்தால் 1, 7, 6, 5, 4, 3, 2. படிக்கட்டு அப்படியே ஒரு குழி நகர்ந்திருக்கும். அடுத்து இரண்டாம் குழியின் ஏழை அள்ளினால் இன்னொரு குழி நகரும். ஏழாவது முறை அள்ளிப் போட்டதும் பலகை தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். எங்கும் தேர்வு கிடையாது. அள்ள வேண்டிய குழி எது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. கணக்குப் படித்தவர்கள் இதை அழகான சுழற்சி என்பார்கள். எனக்கு அன்றைக்கு அது அழகாகப் படவில்லை. இருபது தடவை ஆடிய பிறகு அழுகைதான் வந்தது.

இங்கே நிதானிக்க வேண்டும். காவலில் வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயரை, எந்த முடிவும் எடுக்க முடியாத, எங்கு போனாலும் கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து விடுகிற ஓர் ஆட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். வைத்தது ஆணா பெண்ணா தெரியாது. பெண்தான் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அசோகவனத்தின் காலம் எப்படி நகர்ந்திருக்கும் என்பதை இத்தனை துல்லியமாக எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. விதியே ஒரு வாசிப்பாக இருக்கிறது. ஆனாலும் இது இன்னும் கதை இல்லை. கதையின் சட்டகம்தான். சீதை என்ற பெயரை எடுத்துவிட்டால் மீதி இருப்பது வெறும் கூட்டல்.

மூன்றாம் நாள் ஒரு கொட்டை தொலைந்தது. எலியோ, பலகையைத் தூக்கும்போது சிதறியதோ. கடைசிக் குழி காலி: 7, 6, 5, 4, 3, 2, 0. ஆட்டம் உடைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் அள்ளினேன். உடையவில்லை. படிக்கட்டு வழக்கம்போல நகர்ந்தது. கடைசிக் குழியில் மட்டும் எப்போதும் ஒன்று குறைந்தது. ஆறு முறை வரை அது பெரிதாகத் தெரியாது. ஏழாவது முறை அந்தக் குழியிலிருந்து அள்ளும்போது கையில் ஆறுதான் இருக்கும். ஆறையும் போட்டு முடித்தால் அள்ளிய குழிக்குத் திரும்ப வர ஒரு காய் இருக்காது. பலகை மறுபடியும் 7, 6, 5, 4, 3, 2, 0 என்று நிற்கும். இழப்பு ஒரு குழியிலேயே தங்கிவிட, மற்றதெல்லாம் அதன்மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. வேறு குழியில் ஒரு காயை எடுத்துப் பார்த்தாலும் இதேதான் நடக்கிறது என்பதைப் பின்னாளில் போட்டுப் பார்த்தேன்.

பதின்மூன்று வயதில் நான் அதைக் கணக்காகப் பார்க்கவில்லை. காலிக் குழிக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஏற்காட்டில் குரங்குக்குப் பஞ்சமில்லை. குரங்கு கொண்டுபோயிற்று, கொண்டுபோனது சூடாமணி என்று முடிவுகட்டினேன். அந்த நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு சுற்றும் ஒரு நாள் ஆயிற்று. ஏழு காய் இருக்கிற குழி காவல்காரி. காவல்காரி எங்கே நிற்கிறாள், காலிக் குழியைப் பார்த்துவிடுவாளா, பார்த்தால் நான் என்ன பதில் சொல்ல? விதி மாறவில்லை. ஒரு காயும் என் விருப்பப்படி நகரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஆயா சோறு கொண்டுவந்தபோது ‘இரு ஆயா, அவ திரும்பிட்டா’ என்று சொன்னதாக அது சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

தோழரின் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். விதி மட்டும் கதை தராது, தற்செயலும் தராது. தற்செயல் ஒன்று விதியின் மேல் விழுந்து, விதியிடம் பதில் இல்லாத ஒரு கேள்வி எழுந்து, அந்த இடத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் கட்டாயப்படும்போதுதான் கதை வருகிறது. எதிராளி இருந்தால் அந்தப் பதிலை அவர் சொல்லிவிடுவார். தனியாக இருக்கிறவருக்குத் தப்பிக்க வழியில்லை.

*

ரொஜே கைலுவா என்ற பிரெஞ்சுக்காரர் 1958இல் விளையாட்டுகளை நாலாகப் பிரித்தார்: போட்டி, தற்செயல், பாவனை, கிறுகிறுப்பு. இவற்றில் எதெது கூடும், எது கூடவே கூடாது என்றும் அட்டவணை போட்டார். தற்செயலும் பாவனையும் ஒட்டாது என்பது அவர் தீர்ப்பு. பாவனை என்றால் நானே இன்னொருவராக ஆவது. பகடைக்கு முன்னால் அதற்கு வேலையில்லை, அங்கே சும்மா காத்திருக்கத்தான் முடியும் என்பது வாதம். படிக்கும்போது சரி என்றுதான் தோன்றும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டபோது, கைலுவா ஒட்டாது என்ற இரண்டையும் ஒட்டித்தான் ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். பாத்திரமாகப் பேசு, பகடை சொன்னதை ஏற்றுக்கொள். அதில் நடுவராக ஓர் ஆள் இருந்து உலகத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ‘டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ ஆட்டத்துக்காக 1976இலேயே ஒத்தையாளுக்கான புத்தகம் ஒன்று போட்டார்கள். பத்திக்கு எண் கொடுத்து, இடப்பக்கம் திரும்பினால் இந்த எண்ணுக்குப் போ, பகடை தவறினால் அந்த எண்ணுக்குப் போ என்கிற வகை. 1982இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதிய இதே மாதிரிப் புத்தகம் பள்ளிப் பிள்ளைகளிடம் பெரும் விற்பனை கண்டது. அவற்றில் எனக்கு ஆர்வம் குறைவு. கிளைகள் எத்தனை இருந்தாலும் நட்டவன் ஒருவன்தான்.

ஆர்வமான இடம் அதற்குப் பிறகு வருகிறது. நடுவரையும் எடுத்துவிட்டு, எழுதிவைத்த பத்தியையும் எடுத்துவிட்டு, கேள்வி பதிலை மட்டும் மிச்சம் வைத்தார்கள். 2006இல் வந்த ‘மிதிக்’ என்ற நூலின் முறை இது. கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா? ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிதான் கேட்க வேண்டும். இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் நானே மதிப்பிட வேண்டும். பிறகு பகடை. சில எண்கள் விழுந்தால் கேட்டதற்குப் பதிலோடு கேட்காத ஒரு நிகழ்ச்சியும் வந்து சேரும். இரண்டு சொற்கள் மட்டும் கிடைக்கும், அவற்றை நானே நிகழ்ச்சியாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் குறிசொல்லும் தெய்வவாக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நமக்கு இது புதிதா? வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். பூக்கட்டிப் பார்ப்பது என்பது ஆம், இல்லை இரண்டே முகம் கொண்ட பகடை.

இதைவிட நெருக்கமான ஓரிடம் முல்லைப்பாட்டில் இருக்கிறது. 103 அடிகள் கொண்ட சின்னப் பாட்டு. எம்.ஏ. வகுப்பில் முல்லைத்திணைக்கு எடுத்துக்காட்டாகப் படித்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அரசன் போருக்குப் போயிருக்கிறான், வருவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைகூப்பி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு விரிச்சி கேட்டல் என்று பெயர். அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிற ஓர் இடைச்சிறுமி, கட்டிப்போட்ட கன்றிடம், உங்கள் தாய்மார் இப்போது வந்துவிடுவார்கள் என்கிறாள். அவள் சொன்னது மாட்டைப் பற்றி. பெண்கள் அதை எடுத்துக்கொண்டு வந்து, உன் கணவன் வென்று திரும்புவான் என்று அரசியிடம் சொல்கிறார்கள்.

ஒத்தையாட்டத்தின் இயக்கம் முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. முதலில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கேள்வியில்லாமல் போனால் அந்தச் சிறுமியின் பேச்சு வெறும் பேச்சு. பிறகு கேள்விக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து ஒரு சொல் வர வேண்டும். மூன்றாவது, சம்பந்தமில்லாததைச் சம்பந்தப்படுத்தும் உழைப்பு. பசு, கன்று, கோவலர் என்பதைப் படை, அரசி, அரசன் என்று மாற்றிப் போடுகிற அந்த உழைப்பைப் பெருமுதுபெண்டிர் செய்கிறார்கள். அவர்கள்தான் இங்கே ஆசிரியர்கள். கால்வினோ 1973இல் சீட்டுக்கட்டுப் படங்களை மேசையில் பரப்பி ஒரு நாவல் பண்ணினார் என்று நாம் வியந்து எழுதியிருக்கிறோம். வியக்கத் தகுந்ததுதான். விரிச்சி கேட்ட கிழவிகளையும் கொஞ்சம் வியந்திருக்கலாம்.

கழங்கு இன்னும் சிக்கலானது. சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் முற்றத்தில் கழங்கு ஆடுகிறார்கள். அதே கழங்கை வைத்துத்தான் வேலன், தலைவிக்கு என்ன நோய் என்று பார்க்கிறான். விளையாட்டுச் சாமானும் குறிச் சாமானும் ஒன்றே. கழங்கு என்ன சொல்லும்? முருகு அணங்கிற்று என்று சொல்லும். உண்மையில் அவளுக்கு வந்தது காதல் நோய். கேட்கிற நமக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும். ஆக, குறி தப்பு. ஆனால் அந்தத் தப்பான குறியால்தான் வெறியாட்டு ஏற்பாடாகிறது, அதை நிறுத்தத் தோழி வாயைத் திறந்தாக வேண்டியிருக்கிறது, அறத்தொடு நிற்றல் என்கிற துறையே அங்கே பிறக்கிறது. பகடையின் வேலை உண்மை சொல்வது அல்ல. ஒருவர் பேசியே ஆக வேண்டிய நெருக்கடியை உண்டாக்குவது. தற்செயலும் பாவனையும் ஒட்டாது என்ற கைலுவாவுக்கு வெறியாடுகளம் தெரிந்திருந்தால் அட்டவணையைத் திருத்தியிருப்பார். அங்கே கழங்கு ஒரு பக்கம், முருகாகவே ஆகிவிட்ட வேலன் ஒரு பக்கம், கிறுகிறுப்பு மூன்றாவதாக.

இவையெல்லாம் பலர் கூடியிருக்கிற களங்கள், ஒத்தையாட்டம் எங்கே என்று கேட்கலாம். கூடல் இழைத்தலைச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் போட வேண்டும். நுனிகள் கூடினால் அவன் வருவான். ஆட ஒருத்தி போதும். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் நாலாவது பதிகம் முழுக்க இதுதான். திருப்பாவையில் அவள் ஆயர்பாடிப் பெண்ணாகத் தன்னைப் பாவித்துக்கொள்கிறாள் என்று வைணவ உரைகாரர்கள் விரிவாகவே பேசுகிறார்கள், வில்லிபுத்தூரே ஆய்ப்பாடியாகிவிடுகிறது. பாத்திரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, குறி இருக்கிறது. பக்தி என்ற சொல்லால் இதை மூடிவைத்துவிட்டதால் ஆட்டம் கண்ணில் படாமல் போயிற்று. ஒன்று கவனிக்க வேண்டும்: வட்டம் கூடியதா இல்லையா என்ற முடிவு அந்தப் பதிகத்துக்குள் நமக்குக் காட்டப்படுவதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கண்ணைத் திறந்து போட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்? இது ஒத்தையாட்டத்தின் அடிப்படையான அறக் கேள்வி. பகடை பிடிக்காவிட்டால் மறுபடி உருட்டலாம். தண்டிக்க நடுவர் இல்லை, முறைக்க எதிராளி இல்லை. நானும் உருட்டியிருக்கிறேன். அப்படி உருட்டிய இரவுகளின் நோட்டைப் பிறகு படித்தால் அதில் என் ஆசைகள் மட்டுமே இருக்கின்றன, கதை இல்லை. நான் நினைக்காதது எதுவும் அங்கே நடக்கவில்லை. தன்னைத் தவிர வேறெதையும் கேட்கத் தயாரில்லாத எழுத்து எப்படி இருக்கும் என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் புதுக்கவிதைத் தொகுப்புகள் சிலவற்றைப் போட்டிக்குக் கொண்டுவரலாம், வேண்டாம்.

டிம் ஹட்சிங்ஸ் என்பவர் எழுதிய ஓர் ஒத்தையாட்டத்தில் ஆடுகிறவர் ஆயிரம் வருஷம் சாகாமல் வாழ்கிற ஒரு ரத்தக்காட்டேரி. பாத்திரத்துக்கு ஐந்து நினைவுகளுக்கு மட்டும் இடம் உண்டு. ஒவ்வொரு நினைவிலும் மூன்று அனுபவங்கள். புது அனுபவத்துக்கு இடமில்லாதபோது பழைய நினைவு ஒன்றைப் பேனாவால் அடிக்க வேண்டும். தாயின் முகத்தை அடித்துவிட்டுப் பிழைத்திருக்கலாம். பிழைத்த பிறகு அவள் பெயர் வந்தால் யார் என்று தெரியாது. விதி இரண்டே வரி. அடிக்கிற கை மட்டும் என்னுடையது.

*

போர் ஆட்டத்துக்கு வருகிறேன். இங்கே சிக்கல் வேறு. இரு பக்கமும் நானே என்றால் என் சூழ்ச்சி எனக்குத் தெரிந்துவிடும். மஞ்சக்குட்டையில் பாறைமேல் கரியால் கோடு கிழித்து ஆடு புலி ஆடுகிற பையன்கள், துணை இல்லாதபோது மூன்று புலியையும் பதினைந்து ஆட்டையும் ஒருவனே நகர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். எப்போதும் புலிதான் ஜெயிக்கும். ‘ஆடா இருந்து யோசிக்கச் சடைவா இருக்கு’ என்று ஒருவன் சொன்னான். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1973இல் ஒத்தையாள் போர் ஆட்டத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். இந்தச் சடைவுக்கு வைத்தியம் சொல்கிற வகை நூல் அது. எதிரிக்கு மூன்று நான்கு திட்டங்களை முன்கூட்டி எழுதி வைத்துவிட்டு எது என்பதைப் பகடையிடம் விடுவது, உத்தரவு போய்ச்சேரத் தாமதமாகும் என்று வைத்துக்கொள்வது, சீட்டு எடுத்து மழையோ வதந்தியோ வரவழைப்பது: இந்த வகைக் கருவிகள் எல்லாமே என்னை நானே அறியாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடுகள்.

இந்த ஆட்டங்களின் பூர்வீகம் சுத்தமானதல்ல. 1824இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ஏற்றுக்கொண்ட வரைபட ஆட்டத்திலிருந்து வருகிறது. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கு விதிநூல் எழுதினார்; பெரிய போர் எத்தனை அசட்டுத்தனம் என்பதைச் சின்னப் போர் உணர்த்தும் என்று நம்பினார். அடுத்த வருஷம் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அதே பொம்மைகள் வேறொன்றையும் செய்திருக்கின்றன. 1826இல் யார்க்ஷயரில் ஒரு பாதிரியார் தன் மகனுக்கு ஒரு டஜன் மரப் போர்வீரர்களை வாங்கி வந்தார். நாலு பிள்ளைகளும் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அந்தப் பொம்மைகளுக்கு நாடு, நாட்டுக்குச் சரித்திரம், பொம்மைகள் படிக்கிற அளவிலேயே பொடி எழுத்தில் பத்திரிகைகள். பிராண்டி சகோதரிகள் எழுத்தாளர்கள் ஆனது அங்கிருந்துதான். கண்ணாடி நகரம் என்று அவர்கள் பெயரிட்ட அந்த நாடு எங்கே இருந்தது? மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில். பன்னிரண்டு மரப் பொம்மைகள் போய் அஷாந்திகளை அடக்கி நகரம் கட்டின. குழந்தைகளின் பாவனைக்குள் கம்பெனியும் கலெக்டரும் எத்தனை இயல்பாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே 1820களில்தான் சேலம் கலெக்டர் காக்பர்ன் எங்கள் மலையில் காப்பி நட்டுப் பார்த்தார். எங்கள் மலையாளிகள் தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூன்று பேரில் ஒருவர் இந்த மலைக்கு வந்தார் என்று சொல்கிற கதையைத் தர்ஸ்டன் 1909இல் குறித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் மலையேறுகிற கதைதான். விளையாட்டாகச் சொன்னது ஒன்று, சரித்திரமாகச் சொன்னது ஒன்று. பட்டா கிடைத்தது எதற்கு என்பது வேறு பேச்சு.

பெயர் வைப்பது பற்றி இன்னும் கொஞ்சம். 1981இல் ஓர் ஒத்தையாட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிமேல் குண்டு போடப் போகிற ஓர் அமெரிக்க விமானம், பத்துப் பேர், இருபத்தைந்து பயணம். ஆடுகிறவர் முடிவெடுக்கிற இடம் மிகக் குறைவு. பெரும்பாலும் பகடை உருட்டி அட்டவணையைப் பார்க்க வேண்டியதுதான். ஆட்டமே இல்லை என்று சிலர் தள்ளினார்கள். ஆனால் தாளில் பத்துக் கட்டங்கள் இருந்தன, பத்துப் பேரின் பெயர் எழுத. எழுதினார்கள். அண்ணன் பெயர், பக்கத்து வீட்டுக்காரன் பெயர். பன்னிரண்டாவது பயணத்தில் வால்பக்கத் துப்பாக்கிக்காரன் செத்தபோது அந்தப் பெயரை அடிக்க வேண்டியிருந்தது. இது சீதைப் பாண்டியேதான். தேர்வு இல்லை, சுற்று உண்டு, ஒரு குழி காலியாகிறது.

நம் பக்கம் இதற்கு நேர் எதிரானது பரணி. ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பாடுவது என்று இலக்கணமே எண்ணிக்கையில் தொடங்குகிறது. கலிங்கத்துப்பரணியில் போரைச் சொல்வது ஒரு பேய், கேட்பது காளி. போர் ஆட்டக்காரர்கள் ஆடி முடித்ததும் களத்தில் நடந்ததை அறிக்கையாக எழுதுகிற வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு இத்தனை நேர்மையான வடிவம் வேறு கிடையாது. போரால் வயிறு நிரம்புகிறவர்கள் வாயாலேயே போர் சொல்லப்படுகிறது. செத்தவர்களுக்குப் பெயர் இல்லை.

பெயர் நடுகல்லில் இருக்கிறது. எங்கள் மலையிலிருந்து இறங்கினால் தர்மபுரி, அதைத் தாண்டிச் செங்கம். தொறு மீட்கப் போய்ச் செத்தவர்களின் கற்கள் அந்த வட்டாரத்தில் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயர் கோவிவன்.

2009க்குப் பிறகு போர் என்ற சொல்லையும் ஆட்டம் என்ற சொல்லையும் சேர்த்துத் தமிழில் எழுதக் கை கூசுகிறது. கூசத்தான் வேண்டும். போலந்துக்காரர்கள் சரயேவோ முற்றுகையை மனத்தில் வைத்து முதலில் கணினியில் ஓர் ஆட்டமும், 2017இல் அதையே மேசையில் ஆடுகிற வடிவிலும் செய்தார்கள். அதில் படைவீரராக ஆட முடியாது. இடிந்த வீட்டுக்குள் பதுங்கியிருக்கிற சாதாரண ஆட்கள்தான் நாம். இரவில் வெளியே போய் எதையாவது பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவனிடம் மருந்து இருக்கிறது, திருடுவாயா என்று புத்தகத்தின் ஒரு பத்தி கேட்கும். தனியாகவும் ஆடலாம். அந்த வீட்டில் இருந்தவர்கள் நம்மிடையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் இதை ஆடிப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பார்வையை எங்கே நிறுத்துவது என்பதை ஒரு விதிநூலே முடிவு செய்ய முடியும் என்பதை அதில்தான் கற்றேன்.

அதை வைத்துக்கொண்டு நம் விதிநூலை எடுத்துப் பார்த்தேன். புறப்பொருள் வெண்பாமாலையை நாம் இலக்கணம் என்கிறோம். போர் ஆட்டக்காரர் பார்த்தால் அட்டவணை என்பார். வெட்சிக்கு அரவம், விரிச்சி, செலவு, வேய், ஊர்கொலை, ஆகோள், பாதீடு, உண்டாட்டு, கொடை என்று துறைகள் போகின்றன. ஒவ்வொரு துறையும் ஒரு காட்சி. புலவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத்தான் பாடினார்கள்; இல்லாத போருக்கும் பாட முடியும். நடுவில் இருக்கிற ஊர்கொலை, மாட்டைக் கவரப் போகிறவர்கள் வழியில் ஊரை அழிப்பது. மற்றதைப் போலவே அதுவும் ஒரு துறை, அவ்வளவுதான். அதற்குள் யார் இருந்தார்கள் என்று கேட்க விதியில் இடமில்லை.

போன மழைக்கு மஞ்சக்குட்டையில், ஆயா இல்லாத அந்த வீட்டில், ஆறு துறைகளை ஆறு முகத்துக்கு வைத்துப் பகடை போட்டேன். வெட்சியாரின் பக்கத்தை விட்டுவிட்டு அழிகிற ஊரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரில் பதினோரு வீடு வைத்தேன், வீட்டுக்கு ஆள், ஆளுக்குப் பெயர், மாட்டுக்கும் பெயர், ஒரு நாய். மூன்று இரவு பகடை வேறு வேறு துறைகளையே தந்தது; வேய் வந்தது, அரவம் வந்தது, ஒற்றர்கள் புதருக்குப் பின்னால் இருப்பதாக ஒரு சிறுமி வந்து சொன்னாள், பெரியவர்கள் நம்பவில்லை. நாலாம் இரவு ஊர்கொலை விழுந்தது. மறுபடி உருட்டவில்லை. ஒவ்வொரு வீடாகப் பகடை போட்டு, யார் தப்பினார் என்று எழுதிக்கொண்டு போனேன். ஏழாவது வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு மட்டும் இன்னும் போடவில்லை. நோட்டு அங்கேயே, பல்லாங்குழிப் பலகைக்கு அடியில் இருக்கிறது.